ஹனிபெரி திருகோணமலையில் காய்க்குமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கனடாவில் இருக்கும் பிள்ளைகள் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு, ஹனிபெரி என்ற நீலப் பழச்செடி பற்றிப் பலர் கேட்டிருக்கிறார்கள். அங்கே குடியேறிய நம்மூர்க்காரரும் கேட்டிருக்கிறார்கள். இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியது வேறு, அங்கே இருப்பவர்களுக்கு வேறு. அதனால் இரண்டையும் பிரித்தே தருகிறேன்.

கேள்வி: மகள் சஸ்கட்டூனில் இருக்கிறாள். அவளுடைய வளவில் நீலப் பழம் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. எங்கள் வளவிலும் இரண்டு கன்று வைக்கலாமா? (உவர்மலை)

வேண்டாம் அம்மா. காசும் போகும், மனமும் நோகும்.

ஹனிபெரி சைபீரியா, வட ஜப்பானின் ஹொக்கைடோ, கனடா போன்ற குளிர்நிலங்களின் புதர். கடைகளில் ஹஸ்காப் என்றும் பெயர் போட்டிருப்பார்கள். சஸ்கட்டூனில் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையையும் தாண்டிய குளிரில் இது உயிரோடு நிற்கிறது. விரிந்த பூவே பூச்சியத்துக்குக் கீழே 7 பாகை வரை தாங்கும். இவ்வளவு குளிரைத் தாங்கும் செடிக்கு வெயில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இந்தச் செடிக்குக் குளிர் இல்லாமல் முடியாது. இலையுதிர்ந்து, பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கி எழுந்தால்தான் மொட்டுகள் ஒழுங்காக விரியும். அந்த உறக்கம் இல்லாவிட்டால் பூவும் இல்லை, காயும் இல்லை.

நம்மூரில் மார்கழி, தை மாத இரவுகளிலும் வெப்பம் 24 பாகையை ஒட்டியே நிற்கிறது. அது உங்களுக்கும் எனக்கும் குளிர், ஹனிபெரிக்கு அது நடுக்கோடை. அப்புறம் வைகாசியில் கச்சான் காற்று தொடங்கி, பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும்போது இதன் மெல்லிய இலைகள் கருகும். வேர் மேல்மண்ணிலேயே படர்வதால் சூடேறிய மணலில் அதுவும் நிற்காது. இணையத்தில் ‘எந்த நாட்டிலும் வளரும்’ என்று விதைப் பொட்டலம் விற்பவர்களை நம்ப வேண்டாம்.

கேள்வி: சாடியில் வைத்து, இரவில் வேரைச் சுற்றி ஐஸ் கட்டி போட்டால்? (நிலாவெளி)

முயற்சி செய்து பார்க்கும் ஆசை எனக்குப் புரிகிறது. ஆனால் குளிரை உணர வேண்டியது கிளையில் உள்ள மொட்டுகள். வேரை மட்டும் குளிர்வித்துப் பயனில்லை. இரவில் குளிர்வித்தாலும் பகல் வெயில் அதைக் கலைத்துவிடும்.

கேள்வி: நுவரெலியாவில் உறவினருக்குக் காணி இருக்கிறது. அங்கே? (சாம்பல்தீவு)

நம்மூரைவிடக் கன்று அதிக நாள் உயிரோடு இருக்கும். ஆனால் அங்கும் ஆண்டின் சராசரி வெப்பம் 16 பாகைக்குக் கிட்ட. தை, மாசியில் சில விடியற்காலைகளில் உறைபனி விழுவது மாதக்கணக்கான குளிர்காலம் ஆகாது. அந்தக் காணியில் ஸ்ட்ரோபெரி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: அண்ணா கனடாவிலிருந்து வரும்போது பயணப்பெட்டியில் இரண்டு கன்று கொண்டுவரலாமா? (தம்பலகாமம்)

தயவுசெய்து வேண்டாம் தம்பி. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, கன்று கொண்டுவர விவசாயத் திணைக்களத்தின் அனுமதியை முன்கூட்டியே எடுக்க வேண்டும். அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். இதை வெறும் கடதாசி வேலை என்று நினைக்காதீர்கள். பப்பாசி மரங்களில் மாவை அப்பியதுபோல் படியும் வெள்ளைப் பூச்சியும் வெளியிலிருந்து வந்ததுதான். 2008இல் இலங்கையில் கண்டறியப்பட்ட அது எத்தனை வளவுகளில் பப்பாசியை இல்லாமல் ஆக்கியது என்பதை நாம் கண்ணால் பார்த்தோம்.

கேள்வி: மூதூரைச் சேர்ந்த நான் இப்போது வினிபெக்கில் இருக்கிறேன். ஹனிபெரிப் புதர் நிறையப் பூக்கிறது, ஆனால் விரல்விட்டு எண்ணக்கூடிய காய்தான். பசளை போதாதா?

பசளையைக் கூட்ட வேண்டாம். எத்தனை புதர் வைத்திருக்கிறீர்கள் என்று எழுதவில்லை, ஒன்றுதான் என்று நினைக்கிறேன். ஹனிபெரி தன் மகரந்தத்தால் தானே நன்றாகக் காய்ப்பதில்லை. பக்கத்தில் வேறொரு ஹனிபெரி இனம் நிற்க வேண்டும். அது நெருங்கிய உறவாக இருக்கவும் கூடாது, அதே நாட்களில் பூக்கவும் வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். சஸ்கச்சுவான் பல்கலைக்கழகம் 2007இல் வெளியிட்ட டன்ட்ரா, பொரியாலிஸ் என்ற இரண்டு இனங்களையும் வாங்கி நட்டுவிட்டு, சோடி சரி என்று நினைப்பார்கள். அவை நெருங்கிய உறவு, ஒன்றுக்கொன்று உதவாது. அவற்றோடு அரோரா வைத்தால் காய் பிடிக்கும். பிந்திப் பூக்கும் ‘பொரியல் பியூட்டி’ இனம் உங்களிடம் இருந்தால் ‘பொரியல் பீஸ்ட்’ இனத்தைச் சோடியாக்குங்கள். கன்றுக்குக் கன்று ஒரு மீற்றர் முதல் ஒன்றரை மீற்றர் வரை இடைவெளி போதும். பூக்கும் காலத்தில் பூச்சிமருந்தைத் தொடவே வேண்டாம். அந்தக் குளிரிலும் பறந்து வேலை செய்யும் பம்பிள் தேனீயை நம்பித்தான் உங்கள் அறுவடை இருக்கிறது.

புதர் இளசாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள், நல்ல விளைச்சலுக்குச் சில ஆண்டுகள் ஆகும். அதுவரை கத்தரிக்க வேண்டாம். பிறகு குளிர்காலம் முடியும் தறுவாயில், மிகப் பழைய தண்டுகளை மட்டும் அடியோடு எடுங்கள்.

கேள்வி: பழம் நீலமாகிவிட்டது, வாயில் வைத்தால் புளிப்பும் கசப்பும். இனமே மோசமா? (எட்மண்டன்)

அவசரப்பட்டுவிட்டீர்கள். தோல் முதலில் நீலமாகும், உள்ளே பச்சையாகவே இருக்கும். ஒன்றைப் பிய்த்துப் பாருங்கள், சதை முழுவதும் கருஞ்சிவப்பானால்தான் பறிக்க வேண்டும். அதற்குள் பறவைகள் முந்திவிடும் என்பதால் வலை போடுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: ஹனிபெரியும் சேர்ந்த ஹனிசக்கிள் குடும்பத்து அலங்காரச் செடிகள் பலவற்றின் சிவப்புப் பழங்கள் உண்ணத் தகாதவை. பிள்ளைகளுக்குச் செடியைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.

கேள்வி: ஓகஸ்ட்டில் இலை பழுப்பாகிறது. நோயா? (எட்மண்டன், அதே வாசகர்)

பெரும்பாலும் வெயில்தான். பழம் முடிந்த பிறகு வருவதால் கவலை இல்லை. அடியில் மரத்தூள் மூடாக்குப் போட்டு, வரட்சியில் தண்ணீர் விடுங்கள்.

கேள்வி: சரி, ஹனிபெரி வேண்டாம். பிள்ளைகள் வளவில் பறித்துத் தின்ன, ஜாம் செய்ய, கருநீலப் பழம் ஒன்று சொல்லுங்கள். (கிண்ணியா)

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். இடம் பெரிதாக இருந்தால் நாவல். அது மரமாகிப் பல தலைமுறைக்கு நிற்கும். சிறு வளவுக்கு மல்பெரியை முதலில் சொல்வேன். நம் வெயிலை அது தாங்கும், ஜாமுக்கும் நல்ல நிறம் வரும்.

விரல் தடிப்புள்ள முதிர்ந்த கிளையில், மூன்று நான்கு கணுக்களோடு ஒரு சாண் துண்டு வெட்டுங்கள். மாரி தொடங்கும் ஐப்பசியில், இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டால் போதும். மணல் நிலமென்றால் குழியில் கூட்டெருவும் நன்றாக மக்கிய மாட்டெருவும் தாராளமாகப் போடுங்கள். கச்சான் காலத்தில் அடியைச் சுற்றிப் பொச்சுமட்டையைக் கவிழ்த்து அடுக்கி, கிணற்றுத் தண்ணீரை மாலையில் விடுங்கள். உவர்த் தண்ணீர் மட்டும் வேண்டாம். பழம் முடிந்ததும் கிளைகளைப் பாதியாக வெட்டிவிட்டால் புதுத் தளிர் வரும், அந்தத் தளிரிலேயே மறுபடி காய்க்கும்.