கோடியக்கரையில பூநாரை (ஃபிளமிங்கோ) கண்ணுல படலையா?

டிசம்பர்ல போயும் ஒரு பூநாரைகூட பாக்கலன்னு கேட்டிருந்தீங்க. நீங்க தப்பான மாசத்துல போகல, தப்பான இடத்துல நின்னிருக்கீங்க. புல்வெளியில வெளிமான், மட்டக்குதிரைதான் தெரியும், பூநாரை சதுப்புப் பக்கம்.

சதுப்புப் பக்கம் போயும் காணலன்னா, காரணம் பெரும்பாலும் தண்ணி ஆழமா இருக்குறதுதான். பூநாரை தலைய கவுத்து அலகால சேத்த அலசி திங்குற பறவை, வடகிழக்கு மழைல தண்ணி ஏறிட்டா காலு எட்டுற இடம் தேடி தள்ளிப் போயிடும். ஜனவரி பாதிக்கு மேல தண்ணி வடிஞ்சப்புறம் ட்ரை பண்ணுங்க.

காலைல வெயில் ஏறுறதுக்குள்ள உப்பளம் பக்கம் பைனாகுலர் வச்சு பாருங்க, தூரத்துல வெள்ளைக் கோடு மாதிரி ஒண்ணு தெரிஞ்சா அவசரப்பட்டு கிளம்பிடாதீங்க, அது பறந்தாதான் றெக்கைல சிவப்பு தெரியும், நான் முதல் தடவ உப்புக் குவியல்னு நெனச்சு விட்டுட்டேன்.

ஒண்ணு, சரணாலயத்துக்குள்ள போக வனத்துறை அனுமதி வேணும், மழைக்கு அப்புறம் மண் ரோட்டுல கார இறக்காதீங்க. அப்புறம் பழைய சோழர் கலங்கரை விளக்கத்தையும் தேடாதீங்க, 2004 சுனாமில போயிடுச்சு.