இரைப்பை சிறுத்த பிறகு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, வீடு திரும்பிய பிறகு சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து திகைத்தவர்கள் எழுதியவை என்பதால், சாப்பாட்டைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

கேள்வி: எனக்கு ஸ்லீவ் முறையில் அறுவை சிகிச்சை நடந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, பசியே எடுப்பதில்லை. சில நாட்களில் சாப்பிட்டவுடன் நெஞ்சுக்குள் அடைத்துக்கொண்டு வாந்தி வருகிறது. இவ்வளவு குறைவாகச் சாப்பிட்டால் உடம்பு தாங்காது என்று வீட்டில் வற்புறுத்துகிறார்கள். இதெல்லாம் இயல்புதானா?

பதில்: பசி எடுக்காததும் நாலு வாயில் வயிறு நிறைவதும் இயல்பு. வாந்தி அடிக்கடி வருவது இயல்பன்று.

ஸ்லீவ் முறையில் இரைப்பையின் 75 முதல் 80 விழுக்காடு வரை வெட்டி எடுத்துவிடுகிறார்கள். எஞ்சியிருப்பது ஒடுங்கிய ஒரு குழாய். தொடக்கத்தில் அது ஏறக்குறைய 100 முதல் 150 மில்லிலிட்டர்தான் கொள்ளும். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனை 1999-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அதைப் பெருமளவில் சுரக்கும் இரைப்பையின் மேற்பகுதி வெட்டி எடுத்த பாகத்தோடு போய்விடுவதால், முதல் சில மாதங்களுக்குப் பசி அடங்கியே இருக்கும். அதற்காக வேளையைத் தவறவிடக் கூடாது. உடம்புக்குப் போதிய புரதம் கிடைக்காவிட்டால் கொழுப்போடு சேர்த்துத் தசையும் கரையும். நாளொன்றுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. பலருக்கு 80 கிராம் வரை அறிவுறுத்தப்படுகிறது. வயிற்றில் இடம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது முதலில் உள்ளே போக வேண்டியது முட்டை, மீன், கோழி இறைச்சி, தயிர், பயறு வகைகள் போன்றவைதான். காய்கறி அதற்குப் பிறகு. சோறு, ரொட்டி போன்றவை கடைசியில், இடம் மிஞ்சினால் மட்டும்.

வாந்திக்கு வருவோம். வேகவைத்த ஒரு முட்டையை உதாரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு நீங்கள் அதை மூன்று வாயில் முடித்திருப்பீர்கள். இப்போது அதைச் சிறு கரண்டியால் சுண்டுவிரல் நகமளவு துண்டுகளாக்கி, ஒரு துண்டை வாயில் வைத்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கூழாகும் வரை இருபது தடவையாவது மென்று விழுங்கி, அது இறங்கியதை உணர்ந்த பிறகே அடுத்த துண்டை எடுக்க வேண்டும். அந்த ஒரு முட்டைக்கு இருபது நிமிடங்கள் ஆனாலும் ஆகட்டும். போதும் என்பதை உங்கள் வயிறு இனி பழைய விதத்தில் சொல்லாது. மார்பெலும்புக்குக் கீழே ஓர் அழுத்தம், திடீரென்று ஒரு விக்கல் அல்லது தும்மல், மூக்கில் நீர் வடிதல், வாயில் நுரைத்த எச்சில் ஊறுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அத்துடன் நிறுத்திவிடுங்கள். தட்டில் மிச்சமிருப்பது ஒரே ஒரு வாய்தானே என்று போட்டுக்கொள்ளும் அந்த வாய்தான் பெரும்பாலும் வாந்தியாக வெளியே வருகிறது.

சாப்பாட்டின்போது தண்ணீர் குடிக்காதீர்கள். சாப்பிட்டு முடித்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்கி, நாள் முழுவதும் சிறு சிறு மிடறாக ஒன்றரை லிட்டராவது குடித்துவிடுங்கள். அறுவைக்குப் பிந்தைய முதல் மாதங்களில் மருத்துவமனைக்குத் திரும்பி வருகிறவர்களில் பலர் நீரிழப்பால் வருகிறவர்கள்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தண்ணீர்கூட ஒரு நாள் முழுவதும் தங்கவில்லை என்றாலும், வாந்தி பல நாட்கள் தொடர்ந்தாலும், உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். குழாய் எங்காவது குறுகியிருக்கலாம். அதைவிட ஆபத்தானது, வைட்டமின் பி1 என்கிற தயமின் தீர்ந்துபோவது. உடம்பில் அதன் இருப்பு சில வாரங்களுக்கு மேல் தாங்காது. பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சில் குழப்பம், கால் மரத்துப்போவது ஆகியவை அதன் அறிகுறிகள். தாமதித்தால் மூளைக்கு ஏற்படும் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும், உங்களுக்கு எடைக் குறைப்பு அறுவை நடந்திருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே தயமின் கொடுக்க வேண்டும் என்பது அப்போதுதான் அங்குள்ளவர்கள் நினைவுக்கு வரும்.

வீட்டில் உள்ளவர்களிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். அவர்கள் அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த வற்புறுத்தல் உங்களுக்கு வலியாகவும் வாந்தியாகவும்தான் முடியும்.

கேள்வி: இரைப்பை பைபாஸ் அறுவைக்குப் பிறகு நன்றாக இருக்கிறேன். ஆனால் இனிப்பு சாப்பிட்ட கால் மணி நேரத்தில் நெஞ்சு படபடத்து, வியர்த்துக் கொட்டி, வயிறு புரட்டுகிறது. இதயக் கோளாறோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நீங்கள் விவரிப்பது பெரும்பாலும் டம்பிங் எனப்படும் கோளாறு. இரைப்பையின் கீழ்வாயில் உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடும் ஒரு தசைவளையம் உண்டு. பைபாஸ் முறையில் ஏறக்குறைய 30 மில்லிலிட்டர் கொள்ளும் சிறு பையை நேரடியாகச் சிறுகுடலோடு இணைத்துவிடுவதால், உணவு அந்தத் தசைவளையத்தின் வழியே போவதில்லை. சர்க்கரை நிறைந்த உணவு மொத்தமாகக் குடலுக்குள் பாயும்போது, குடல் இரத்தத்திலிருந்து நீரை உள்ளே இழுக்கிறது; குடல் ஹார்மோன்கள் ஒரேயடியாகச் சுரக்கின்றன. படபடப்பும் வியர்வையும் அதனால்தான். படுத்து ஓய்வெடுத்தால் பெரும்பாலும் தணிந்துவிடும். இருந்தாலும் மார்பு வலி, மூச்சுத் திணறல் இருந்தாலோ, உணவுக்குத் தொடர்பில்லாமல் படபடப்பு வந்தாலோ இதயப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

இதற்கு இன்னொரு வடிவமும் உண்டு. சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து நடுக்கம், குழப்பம், கண் இருட்டுதல் என்று வரும். இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரந்து இரத்தச் சர்க்கரை இறங்கிவிடுவதே காரணம். அந்த நேரத்தில் சிறிதளவு சர்க்கரை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அதோடு புரதம் உள்ள ஏதாவது ஒன்றையும் சாப்பிடாவிட்டால், அந்தச் சர்க்கரையே அடுத்த இறக்கத்துக்கு வழி செய்துவிடும். இரண்டு வடிவங்களுக்கும் அடிப்படை மருந்து ஒன்றுதான்: இனிப்புப் பானங்களையும் பழச்சாறுகளையும் அறவே விட்டுவிட்டு, ஒவ்வொரு வேளையையும் புரதத்தில் தொடங்குவது. மயக்கம் போட்டு விழும் நிலை ஒரு முறை வந்திருந்தாலும் மருத்துவரைப் பார்க்கும் வரை வண்டி ஓட்டாதீர்கள்.

கேள்வி: அறுவை நடந்து நான்கு மாதங்களில் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. மற்றபடி தெம்பாக இருக்கிறேன். சத்து மாத்திரைகளை எப்போது நிறுத்தலாம்?

பதில்: நிறுத்தக் கூடாது. வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டியவை அவை.

முடி கொட்டுவது பெரும்பாலும் தானாகச் சரியாகிவிடும். அறுவையின் அதிர்ச்சியாலும் வேகமான எடை இழப்பாலும் நிறைய முடி ஒரே நேரத்தில் ஓய்வுநிலைக்குப் போய், மூன்றாம் மாதத்துக்கும் ஆறாம் மாதத்துக்கும் இடையில் உதிரும். வேர் உயிரோடிருப்பதால் மீண்டும் முளைக்கும். ஓராண்டைத் தாண்டியும் கொட்டினால் இரும்புச்சத்து, துத்தநாகம், புரதம் ஆகியவற்றின் குறைபாட்டைத் தேட வேண்டும்.

தெம்பாக இருப்பதை வைத்து மாத்திரையை நிறுத்துவதுதான் எனக்குக் கவலை தருகிறது. பி12 வைட்டமினைக் கல்லீரல் நீண்ட காலத்துக்குச் சேமித்து வைத்திருப்பதால், மாத்திரையை விட்டவருக்கு ஓரிரு ஆண்டுகள்கூட ஒன்றும் தெரியாமல் போகலாம். பாதம் மரத்துப்போனது தெரியும்போது நரம்பு ஏற்கெனவே பழுதடைந்திருக்கும். இரும்பும் கால்சியமும் பெருமளவு உறிஞ்சப்படும் முன்சிறுகுடலை பைபாஸ் முறை தாண்டிச் சென்றுவிடுகிறது. கால்சியம் நாளொன்றுக்கு 1200 முதல் 1500 மில்லிகிராம் வரை தேவைப்படும். ஒரே நேரத்தில் 500 அல்லது 600 மில்லிகிராமுக்கு மேல் உடம்பு ஏற்றுக்கொள்ளாது என்பதால் பிரித்துச் சாப்பிட வேண்டும். இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேர இடைவெளி விடுங்கள். ஒன்று மற்றொன்றைத் தடுக்கும். எல்லாவற்றையும் காலையில் ஒரே கையளவாக விழுங்கிவிட்டு, இரத்தச்சோகை தீரவில்லையே என்று வருகிறவர்கள் நிறையப் பேர். முதல் ஆண்டில் சில மாதங்களுக்கு ஒரு முறையும், பிறகு ஆண்டுக்கு ஒரு முறையும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: எனக்குத் திருமணமாகி அறுவையும் முடிந்திருக்கிறது. எப்போது கருத்தரிக்கலாம்?

பதில்: 12 முதல் 18 மாதங்கள் காத்திருங்கள். எடை வேகமாக இறங்கும் காலத்தில் கருவுக்குத் தேவையான சத்து கிடைக்காது. எடை குறையும்போது கருத்தரிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பதையும், பைபாஸுக்குப் பிறகு கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமல் போகலாம் என்பதையும் மனத்தில் வைத்து, வேறு கருத்தடை முறையைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பகாலத்தில் குளுக்கோஸ் கரைசலைக் குடிக்கச் சொல்லிச் செய்யும் சர்க்கரைப் பரிசோதனை உங்களுக்கு டம்பிங்கைக் கொண்டுவரலாம் என்பதால், மாற்றுப் பரிசோதனை கேட்டுப் பெறுங்கள்.

கேள்வி: மூட்டுவலிக்கு வழக்கமாகச் சாப்பிடும் வலி மாத்திரையைத் தொடரலாமா? விருந்துகளில் கொஞ்சம் மது அருந்தலாமா?

பதில்: ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் பைபாஸ் செய்த இடத்தில் புண் உண்டாக்கும், புகைபிடிப்பதும் அப்படியே. பாராசிட்டமால் பாதுகாப்பானது. மது இப்போது உங்கள் இரத்தத்தில் முன்பைவிட விரைவாகவும் அதிகமாகவும் ஏறும். சாப்பாடு தந்த ஆறுதல் போன இடத்தில் மது வந்து உட்கார்ந்துகொள்ளும் ஆபத்தும் உண்மையானது. இரண்டாம் ஆண்டிலிருந்து மதுப் பழக்கம் கூடுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. விட்டுவிடுவதே நல்லது.

கேள்வி: ஒன்றரை ஆண்டில் 38 கிலோ குறைந்தேன். இப்போது மறுபடியும் பசிக்கிறது; நான்கு கிலோ ஏறிவிட்டது. அறுவை தோற்றுவிட்டதா? வெட்கத்தால் மருத்துவரைப் பார்க்கவும் போகவில்லை.

பதில்: தோற்கவில்லை. எடை பெரும்பாலும் முதலாம் ஆண்டுக்கும் இரண்டாம் ஆண்டுக்கும் இடையில் தன் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு சிறிது ஏறி நிலைகொள்ளும். குறைந்த 38 கிலோவில் நான்கு கிலோ திரும்பியிருப்பது அந்த இயல்பான எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனால் இந்த நேரத்தில் மருத்துவரைத் தவிர்ப்பது தவறு. ஏற்றம் சிறிதாக இருக்கும்போது அதை நிறுத்துவது எளிது.

முதல் ஆண்டு பசி அடங்கியிருந்த காலம். அந்த அமைதியில் எதைச் சாப்பிட்டாலும் எடை குறைவதால், பழக்கம் மாறிவிட்டது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். இரைப்பை கொஞ்சம் நெகிழ்ந்து பசியும் திரும்பும்போதுதான் எது மாறியது, எது மாறவில்லை என்பது தெரியவருகிறது. அறுவைக்குப் போகிறவர்களுக்கு இதை முன்கூட்டியே இன்னும் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து; சொல்லாமல் விட்டுவிட்டு, பிறகு எடை ஏறியதற்கு அவர்களையே குற்றவாளியாக்குவது நியாயமன்று.

பெரிய தட்டு நிறையச் சாப்பிட்டு எடை ஏற்றிக்கொள்பவர்கள் குறைவு. மாலை நான்கு மணிக்குப் பிரித்த பிஸ்கட் பொட்டலம் ஏழு மணிக்குத் தீர்ந்திருக்கும். எந்த நேரத்திலும் வயிறு நிறைந்ததாகத் தோன்றியிருக்காது. வாயில் கரைந்து வழுக்கிப் போகும் தின்பண்டங்களும் இனிப்புப் பானங்களும் சிறுத்த இரைப்பையில் தங்குவதே இல்லை. ஆகவே ஒரு வாரத்துக்கு, சாப்பிட்ட ஒவ்வொன்றையும் நேரத்தோடு எழுதி, பக்கத்தில் ஏன் சாப்பிட்டேன் என்பதையும் ஒரு சொல்லில் குறியுங்கள்: பசி, சலிப்பு, கோபம், களைப்பு. வயிற்றுப் பசி மெல்ல வளரும். எதைக் கொடுத்தாலும் அடங்கும். மனப்பசி திடீரென்று வரும். குறிப்பிட்ட ஒன்றைத்தான் கேட்கும். எது எந்த நேரத்தில் வருகிறது என்பது அந்த ஏட்டில் தெரிந்துவிடும்.

பட்டினி கிடக்காதீர்கள். வேளைகளை நேரப்படி அமைத்து, புரதத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, நடைப்பயிற்சியோடு எடை தூக்கும் பயிற்சியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இழந்த தசையை மீட்காமல் எடையைக் காப்பது கடினம். மருத்துவர் தேவைப்பட்டால் உள்நோக்கி (எண்டோஸ்கோப்) என்ற கருவி வழியாக இரைப்பையின் அமைப்பைப் பார்ப்பார். பசியைக் குறைக்கும் ஊசி மருந்துகளும் இப்போது இருக்கின்றன. அவரிடம் போவதில் வெட்கப்பட எதுவுமில்லை. உடற்பருமன் நாட்பட்ட நோய், அதற்குத் தொடர் சிகிச்சை தேவைப்படுவது இயற்கை.

கேள்வி: என் மனைவிக்கு அறுவை நடந்து ஏழு மாதங்கள். எடை நன்றாகக் குறைந்திருக்கிறது. ஆனால் எங்களோடு சாப்பிட உட்காருவதில்லை, கண்ணாடியைப் பார்த்தால் அழுகிறார். நான் என்ன செய்வது?

பதில்: அவர் இழந்திருப்பது எடையை மட்டுமன்று. பல ஆண்டுகளாகத் துக்கத்திலும் மகிழ்ச்சியிலும் கைகொடுத்த ஒன்றை ஒரே நாளில் விட்டுவிட்டார். அதற்காக வருந்துவது இயல்பே. வயிற்றிலும் கையிலும் தொங்கும் தோல் கண்ணாடியில் அவருக்கு இன்னொரு வேதனை. எடை நிலைகொண்ட பிறகு அதை அறுவையால் சரிசெய்யலாம் என்பதை அவர் அறிந்திருக்கிறாரா என்று கேளுங்கள்.

மேசையில் அவருக்குச் சிறு தட்டும் சிறு கரண்டியும் வைத்துவிட்டு, எவ்வளவு சாப்பிட்டார் என்பதைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் பேசாமல், வேறு பேச்சு பேசுங்கள். அவர் முடிக்க அரை மணி நேரம் ஆகும். குடும்பத்தினர் சீக்கிரம் முடித்தாலும் எழுந்து போய்விடாமல் உடன் உட்கார்ந்திருங்கள். பார்க்கிறவர்கள் எல்லாம் உடம்பைப் பற்றியே பேசுவதால், பாராட்டுகூட அவருக்குச் சலித்திருக்கலாம்.

அழுகையும் ஒதுங்குவதும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரின் உதவி வேண்டும். மனச்சோர்வுக்கு அவர் முன்பிருந்தே மருந்து எடுப்பவராக இருந்தால், அறுவைக்குப் பிறகு அதன் உறிஞ்சல் மாறியிருக்கக்கூடும் என்பதால் அளவைச் சரிபார்க்க வேண்டும். அடுத்த பரிசோதனைக்கு நீங்களும் உடன் சென்று, நீங்கள் கவனித்ததை அவர் முன்னிலையிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். உயிரை மாய்த்துக்கொள்வதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னாலும், அந்த நாளுக்காகக் காத்திராமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.