போன வருடம் படித்த பாடமே மறுபடியும் வருகிறதே!

கேள்வி: என் மகள் ஐந்தாம் வகுப்பு படிக்கிறாள். மூன்றாம் வகுப்பில் பின்னம் நடத்தினார்கள், நான்காம் வகுப்பிலும் நடத்தினார்கள், இப்போது மறுபடியும் பின்னம். கேட்டால், "குழந்தை உளவியல்படி அமைத்த பாடத்திட்டம்" என்கிறார் ஆசிரியை. ஒரே வருடத்தில் முழுதாக முடித்தால் என்ன? மேல் வகுப்புக் கணக்கை வீட்டிலேயே நடத்திவிடலாம் என்கிறார் கணவர். செய்யலாமா?

- ஒரு வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

ஆசிரியை சொன்னது சரிதான். ஆனால் அந்த ஒற்றை வரியோடு உங்களை அனுப்பியிருக்கக் கூடாது. பாடப்புத்தகம் ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்கப் பெற்றோருக்கு முழு உரிமை உண்டு.

ஒரு பாடத்தை ஒரேயடியாக முடித்துவிடாமல், ஆண்டுதோறும் ஒரு படி உயர்த்தித் திரும்பக் கொண்டுவருவதைச் சுருள்முறைப் பாடத்திட்டம் என்பார்கள். 1960இல் அமெரிக்க உளவியலாளர் ஜெரோம் புரூனர் முன்வைத்த யோசனை இது. எந்தப் பாடத்தையும், அதன் சாரம் கெடாமல், எந்த வயதுக் குழந்தைக்கும் ஏற்ற வடிவில் கற்பிக்க முடியும் என்று அவர் நம்பினார். சுமார் 7 முதல் 11 வயது வரை, கண்ணால் பார்த்துக் கையால் தொடக்கூடிய பொருள்களை வைத்தே குழந்தை தர்க்கமாக யோசிக்கிறது என்று அவருக்கு முன்பே சுவிட்சர்லாந்து உளவியலாளர் பியாஜே சொல்லியிருந்தார். கீழ் வகுப்பில் காகிதத்தை மடித்து வண்ணம் தீட்டச் சொல்வதும், மேல் வகுப்பில் வெறும் எண்களாக வருவதும் இந்த அடிப்படையில்தான்.

மகளிடம் 1/2 + 1/3 எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். மேலே உள்ளதை மேலேயும் கீழே உள்ளதைக் கீழேயும் கூட்டி 2/5 என்று எழுதும் குழந்தைகள் ஏராளம். 2/5 என்பது அரையைவிடக் குறைவு. அரையோடு இன்னும் கொஞ்சம் சேர்த்த பிறகு எப்படிக் குறையும்? இந்தச் சந்தேகம் தானாக எழ வேண்டுமானால், பின்னம் என்பது ஓர் அளவு என்ற உணர்வு வந்திருக்க வேண்டும். அது ஒரு வருடத்தில் வருவதில்லை. ஆகவே உங்கள் கணவரின் யோசனையை நான் ஏற்க மாட்டேன். மேல் வகுப்பு விதிகளை முன்கூட்டியே மனப்பாடம் செய்தால் விடை சரியாக வரும், அளவு புரியாமலே போய்விடும்.

அதற்காக உளவியல் கோட்பாடு எதையும் வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். இரண்டு வரிசைகளில் சம எண்ணிக்கையில் வில்லைகளை வைத்து, ஒன்றை மட்டும் அகலப் பரப்பினால், சிறு குழந்தை அதில்தான் அதிகம் இருக்கிறது என்று சொல்லும். எண்ணிக்கை மாறாது என்பது அந்த வயதில் புரியாது என்றார் பியாஜே. 1974இல் உளவியலாளர்கள் மெக்காரிகிளும் மார்கரெட் டொனால்ட்சனும் அதே சோதனையில் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மையை விட்டு வரிசையைக் கலைத்தார்கள். முன்னைவிட மிகுதியான குழந்தைகள் "இரண்டும் சமம்" என்றார்கள். பெரியவர் வேண்டுமென்றே மாற்றிவிட்டுக் கேட்டபோது, ஏதோ மாறியிருக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கலாம். எனவே "இந்த வயதுக்கு இது புரியாது" என்று கதவைச் சாத்தும் பாடத்திட்டத்தை நான் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். மகள் "ஏன்?" என்று கேட்டால், வகுப்பைப் பார்க்காமல் பதில் சொல்லுங்கள்.

இன்னொன்று: சுருள் என்றால் மேலே ஏற வேண்டும். மூன்று வகுப்புப் புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, பயிற்சிக் கணக்குகளை மட்டும் பாருங்கள். பழைய பின்னத்தைக் கருவியாகக் கொண்டு ஐந்தாம் வகுப்பில் புதிதாக ஏதாவது செய்யச் சொல்கிறார்களா? பகுதிகள் வேறுபட்ட பின்னங்களைக் கூட்டுவது, ஒப்பிடுவது, தசமத்தோடு இணைப்பது என்று போனால் கவலையே வேண்டாம். அதே படம், அதே நிழலிடுதல் என்றால் உங்கள் கோபம் நியாயமானது. அப்போது ஆசிரியையிடம், "போன வருடம் செய்ய முடியாத எதை இந்த வருடம் இவள் செய்வாள்?" என்று கேளுங்கள். வீட்டில் புதுப் பாடம் வேண்டாம். 3/5 பெரிதா, 3/7 பெரிதா, எப்படித் தெரிந்தது என்று கேட்டு, அவள் படம் போட்டு விளக்கும் வரை பொறுமையாக இருந்தால் போதும்.