கிரயம் என்று எழுதினால் கிரயம்தானா?

கேள்வி: வக்கீல் அம்மாவுக்கு வணக்கம். சோழவந்தான் பக்கம் எங்களுக்கு 40 சென்ட் வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. 2018-இல் மகள் கல்யாணத்துக்காக என் வீட்டுக்காரர் தெரிந்த ஒருவரிடம் 4 லட்சம் கடன் வாங்கினார். நூற்றுக்கு இரண்டு ரூபாய் வட்டி. "அடமானம் வேண்டாம், கிரயமாகவே எழுதிக் கொடு, பணம் வந்ததும் திருப்பி எழுதித் தருகிறேன்" என்றார். அப்படியே பதிவு செய்தோம். மூன்று வருடத்துக்குள் பணம் கொடுத்தால் திருப்பி எழுதித் தருவதாக 20 ரூபாய்ப் பத்திரத்தில் தனியாகக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அது பதிவாகவில்லை. கொடிக்கால் இன்றுவரை எங்கள் கையில்தான். மாதம் 8,000 வட்டியை வீட்டுக்காரர் பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். அவர் காலமான பிறகு மகன் ஜிபேயில் அனுப்பினான். போன மாதம் அசலோடு போனால், "இடம் என்னுடையது, பட்டாவும் மாறிவிட்டது" என்கிறார். அடமானத்தை 30 வருடம் வரை மீட்கலாம் என்கிறார்களே, எங்களுக்கும் அது உண்டா? (பெயர் வேண்டாம்)

பதில்: அம்மா, கடிதத்தைப் படித்ததும் என் கண் போய் நின்றது அந்த 20 ரூபாய்ப் பத்திரத்தில்தான். அதில் இருக்கும் இரண்டு வரி கிரயப் பத்திரத்துக்குள்ளேயே இருந்திருக்கக் கூடாதா என்று மனசு அடித்துக்கொண்டது.

காரணம் இதுதான். கிரயம் போல எழுதிய அடமானத்தைச் சொத்துரிமை மாற்றச் சட்டம் (1882) 58-ஆம் பிரிவு ஏற்றுக்கொள்கிறது. ஆனால் 1929-இல் ஒரு திருத்தம் வந்தது. திருப்பி எழுதித் தரும் நிபந்தனை அந்தக் கிரயப் பத்திரத்திலேயே இருக்க வேண்டும். தனித்தாளில் இருந்தால் அதை அடமானமாகக் கருத முடியாது என்பது அந்தத் திருத்தம். 1954-இல் சுன்சுன் ஜா வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே சொன்னது. ஒரே பத்திரத்தில் இருந்தால்கூட உடனே அடமானம் ஆகிவிடாது. கடன் கொடுத்தவர், வாங்கியவர் என்ற உறவு இருந்ததா என்று பார்ப்பார்கள். அதனால் "இது அடமானம், 30 வருடம் அவகாசம் உண்டு" என்று வழக்குப் போட்டால், முதல் வாய்தாவிலேயே எதிர்த்தரப்பு இந்தத் திருத்தத்தைக் காட்டும். கடன் கொடுப்பவர்கள் தெரிந்தேதான் இரண்டு தாளாகப் பிரித்து வாங்குகிறார்கள். இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது.

"ஒப்பந்தப்படி திருப்பி எழுதிக் கொடு" என்று கேட்கும் வழியும் கடினம். திருப்பி வாங்கும் ஒப்பந்தத்தில் கெடுவை நீதிமன்றம் கறாராகப் பார்க்கும். உங்கள் கெடு 2021-லேயே முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தங்களைப் பதிவு செய்வதும் கட்டாயம்.

சரி, அப்படியானால் எல்லாம் போச்சா? போகவில்லை. உங்கள் வழக்கை வேறு விதமாகச் சொல்ல வேண்டும். "விற்கும் எண்ணமே இரு தரப்புக்கும் இல்லை. கடனுக்கு ஜாமீனாகப் பேருக்கு எழுதிய பத்திரம், நடைமுறைக்கு வரவே இல்லை" என்பதுதான் உங்கள் தரப்பு. எழுத்தில் இருப்பதை மாற்றிச் சொல்ல வாய்மொழிச் சாட்சியம் செல்லாது என்று பழைய சாட்சியச் சட்டம் 92-ஆம் பிரிவு சொல்கிறது (புதிய சட்டத்தில் 95). ஆனால் பத்திரமே பேருக்கு எழுதியது என்று சொல்பவருக்கு அந்தத் தடை பொருந்தாது என்று 1981-இல் கங்காபாய் எதிர் சபுபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. தடை இல்லை என்பதற்காக வெறும் வாய்ப்பேச்சு போதாது. பதிவான பத்திரம் எதிரே நிற்கிறது. நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல்தான்.

உங்கள் பத்திரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள். "இன்றே சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன், புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று இருக்கும். அந்த வரி எழுதி இத்தனை வருடம் ஆகியும் அகத்தி நட்டது நீங்கள், கொடி கட்டியது நீங்கள், வெற்றிலை கிள்ளிக் கவுளி அடுக்கியதும் நீங்கள். அதைக் காகிதத்தில் காட்டுங்கள். வெற்றிலை போட்ட கமிஷன் கடைச் சீட்டு, கிராமப் பயிர்க் கணக்கான அடங்கலின் நகல், மோட்டார் இருந்தால் மின் இணைப்பு அட்டை எல்லாம் வேண்டும். அக்கம்பக்கத்துக் கொடிக்கால்காரர் இரண்டு பேர் சாட்சி சொன்னால் நல்லது. 2018-இல் அந்த இடம் சென்ட் என்ன விலை போனது என்று பக்கத்துக் கிரயங்களின் நகலை எடுங்கள். அதைவிட அதிகம் போகும் இடம் என்றால், 4 லட்சத்துக்கு யார் விற்பார்கள்? முத்திரைச் செலவு யார் கொடுத்தது என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள். கடன் வாங்கியவரே கொடுத்திருந்தால் அதுவும் பேசும்.

எல்லாவற்றையும்விடப் பெரியது வட்டி. இடத்தை வாங்கியவருக்கு அதை விற்றவர் எதற்கு மாதம் தவறாமல் 8,000 அனுப்ப வேண்டும்? 4 லட்சத்துக்கு இரண்டு ரூபாய் வட்டி அச்சாக அந்தத் தொகைதான். உங்கள் மகனின் வங்கிக் கணக்கு விவரத்தை வங்கி முத்திரையோடு வாங்குங்கள். பால் கணக்கு நோட்டைப் பத்திரமாக வையுங்கள், அதில் இனி ஒரு எழுத்துக்கூட யாரும் சேர்க்கக் கூடாது. அந்த 20 ரூபாய்த் தாளை வைத்து இடத்தைத் திருப்பி வாங்க முடியாவிட்டாலும், நடந்தது என்ன என்று காட்ட அது துணை நிற்கும்.

பட்டா மாறியதைக் கண்டு பயப்பட வேண்டாம், அது உரிமை மூலம் ஆகாது. வட்டாட்சியர் உத்தரவு நகலை வாங்கி, கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்யுங்கள். ஆனால் சிவில் வழக்கைத் தள்ளிப் போடாதீர்கள். காலவரம்பு மூன்று வருடம். "2018-லேயே எல்லாம் தெரியும்" என்று அவர் தரப்பு சொல்லும். அவர் உங்கள் உரிமையை மறுத்த நாளிலிருந்துதான் கணக்கு என்பது நம் வாதம். இதில் சண்டை இருக்கும் என்பதால் ஒவ்வொரு மாதமும் முக்கியம். வாரிசுகளான நீங்கள், மகன், மகள் மூவரும் வாதிகளாகச் சேருங்கள். அனுபவத்தில் குறுக்கிடாதபடி இடைக்காலத் தடையும் கேளுங்கள். கையில் காசு இல்லை என்றால், வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மதுரை மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. அவர் கொஞ்சம் இறங்கி வந்து, "சரி, கொடிக்காலை நீங்களே பாருங்கள், ஒரு குத்தகைச் சீட்டு மட்டும் எழுதிக் கொடுங்கள்" என்பார். கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். இடம் அவருடையது என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாக ஆகிவிடும்.