கரண்ட் வந்தும் சர்வர் ஏன் ஆன் ஆவதில்லை?

ஒரு கல்லூரி நூலகர் கேட்கிறார்: "எங்கள் நூலகத்தில் கோஹா என்ற நூலக மென்பொருள் ஓடும் சர்வர், டெல் பவர்எட்ஜ். உபுண்டு போட்டிருக்கிறோம். யுபிஎஸ் பேட்டரி குறைந்தால் சர்வர் முறையாக ஷட்டவுன் ஆகிவிடும். ஆனால் கரண்ட் வந்த பிறகு தானாக ஆன் ஆவதில்லை. காலையில் யாராவது போய் பட்டனை அழுத்த வேண்டியிருக்கிறது. பயோஸில் (சர்வரின் அடிப்படை அமைப்புத் திரையில்) 'ஏசி பவர் ரிகவரி' என்ற இடத்தில் 'லாஸ்ட்' என்று இருக்கிறது. அது சரிதானே?"

அந்த 'லாஸ்ட்'தான் காரணம். மின்சாரம் அறுந்தபோது எந்த நிலையில் இருந்ததோ அதே நிலைக்குத் திரும்பு என்று அது சர்வருக்குச் சொல்கிறது. யுபிஎஸ் இல்லாத இடத்தில் இது போதும். ஓடிக்கொண்டிருந்த சர்வர் மறுபடி ஓடும். உங்கள் சர்வரோ மின்சாரம் முழுதாக நிற்பதற்கு முன்பே அணைந்துவிடுகிறது. அதனால் கடைசி நிலை 'ஆஃப்'. கரண்ட் வந்ததும் அப்படியே ஆஃபில் இருந்துவிடுகிறது.

இதை 'ஆன்' என்று மாற்றுங்கள். சர்வரை ரீஸ்டார்ட் செய்து, டெல் சின்னம் வரும்போது எஃப்2 அழுத்துங்கள். சிஸ்டம் பயோஸ், அதற்குள் சிஸ்டம் செக்யூரிட்டி. அங்கேயே கரண்ட் வந்ததும் எவ்வளவு நேரம் கழித்து ஆன் ஆக வேண்டும் என்ற அமைப்பும் இருக்கும். கரண்ட் வந்து, உடனே போய், மறுபடி வருகிற ஊர் என்றால் கொஞ்சம் தாமதம் வைப்பது நல்லது. எச்பி ப்ரோலையன்ட் வைத்திருப்பவர்கள் எஃப்9 அழுத்தி 'ஆட்டோமேட்டிக் பவர்-ஆன்' என்பதைத் தேட வேண்டும்.

சரி, மாற்றியாயிற்று. சோதிக்க, ஓடுகிற சர்வரின் ஒயரைப் பிடுங்கிவிடாதீர்கள், டேட்டாபேஸ் கெட்டுப்போகலாம். முறையாக ஷட்டவுன் செய்யுங்கள். பிறகு பவர் ஒயரைக் கழற்றி (இரண்டு பவர் சப்ளை இருந்தால் இரண்டையும்), அரை நிமிடம் விட்டுச் செருகுங்கள். பட்டனைத் தொடாமலே ஆன் ஆக வேண்டும்.

இதற்குப் பிறகும் ஒரு சிக்கல் வரலாம், பலர் இதைக் கவனிப்பதில்லை. சர்வர் அணைந்துவிட்டது, யுபிஎஸ்ஸில் இன்னும் கொஞ்சம் சார்ஜ் இருக்கிறது, அந்த நேரத்தில் கரண்ட் வந்துவிட்டால்? சர்வருக்கு வரும் மின்சாரம் அறுபடவே இல்லை. அதனால் 'ஆன்' அமைப்புக்கும் வேலை இல்லை. சர்வர் அணைந்ததும் யுபிஎஸ் தன் வெளியீட்டை ஒருமுறை துண்டித்து, கரண்ட் வந்ததும் திரும்பக் கொடுக்க வேண்டும். யுபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் நட் (NUT) மென்பொருள் பயன்படுத்தினால், அப்படித் துண்டிக்கச் சொல்லத் தேவையான 'பவர்டவுன்ஃபிளாக்' (POWERDOWNFLAG) வரி அப்ஸ்மான் (upsmon.conf) அமைப்புக் கோப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். சில மலிவான யுபிஎஸ்களுக்கு இந்த வசதியே கிடையாது. அப்போது கல்லூரி விபிஎன் வழியாக ஐடிராக்கில் (டெல் சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் வசதி) நுழைந்து ஆன் செய்யலாம். ஐடிராக்கை மட்டும் நேரடியாக இன்டர்நெட்டில் திறந்து விடாதீர்கள்.

ஆன் ஆகியும் கோஹா வரவில்லை என்றால் ஒரு மானிட்டரை மாட்டிப் பாருங்கள். ஏதோ ஒரு பிழைக்காக 'எஃப்1 அழுத்து' என்று நின்றிருக்கலாம். பயோஸில் மிஸலேனியஸ் செட்டிங்ஸ் பக்கத்தில் அதை நிறுத்தலாம். பேக்கப்புக்கு வைத்த வெளி ஹார்ட் டிஸ்க்கை யாராவது கழற்றியிருந்தால், உபுண்டு வழக்கமாக 90 நொடி காத்திருந்து எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். எந்தெந்த டிஸ்க்கை இணைக்க வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் (fstab) கோப்பில் அந்த டிஸ்க்கின் வரியில் 'நோஃபெயில்' (nofail) சேர்த்தால், டிஸ்க் இல்லாவிட்டாலும் சர்வர் மேலே போகும்.

அப்புறம், சர்வர் பழையது என்றால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரியையும் பாருங்கள். அது தீர்ந்திருந்தால் ஒவ்வொரு முறை கரண்ட் போகும்போதும் கடிகாரம் பின்னால் போகும், சில சர்வர்களில் பயோஸ் அமைப்புகளும் அழிந்துவிடும். தேதி தவறினால் கோஹாவில் புத்தகம் திருப்பித் தர வேண்டிய நாளும் தவறாகப் பதிவாகும்.