மூளை அலைக்கு ஆப் வாங்கலாமா? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: மகன் பிளஸ் டூ முடிச்சிட்டு நீட்டுக்கு ரெண்டாவது தடவையா படிக்கான். ‘ஆல்பா அலை’ன்னு ஒரு ஆப், வருசத்துக்கு 2,999 ரூவா. ஹெட்போன்ல கேட்டுக்கிட்டே படிச்சா மறக்கவே மறக்காதுன்னு சொல்லுதாவ. திரையில மூளை அலை ஏறி இறங்குறதும் தெரியுது. பணம் கட்டலாமா அண்ணாச்சி?
– பாளையங்கோட்டை

பதில்: கட்ட வேண்டாம். முதலில் அந்தத் திரைப் படத்தைப் பார்ப்போம். மூளையின் மின்னலை தலைத்தோலுக்கு வந்து சேரும்போது சில பத்து மைக்ரோவோல்ட்தான் இருக்கும். அதைப் பிடிக்கத் தலையில் மின்முனை ஒட்ட வேண்டும். செல்போனில் அப்படி எதுவும் கிடையாது. திரையில் ஏறி இறங்குவது உங்கள் மகனின் மூளை இல்லை, ஆப் செய்தவர் வரைந்து வைத்த கோடு. போனை மேசையில் போட்டுவிட்டு நகர்ந்து பாருங்கள், அப்போதும் அது ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

அடுத்தது ஆல்பா. மனித மூளையின் மின்னலையை 1924ல் முதன்முதலாகப் பதிவு செய்தவர் ஜெர்மனியின் ஹான்ஸ் பெர்கர். 1929ல் அதை வெளியிட்டார். நொடிக்கு 8 முதல் 13 வரை அடிக்கும் அலைக்கு ஆல்பா என்று பெயர் வைத்ததும் அவர்தான். கண்ணை மூடிச் சும்மா உட்கார்ந்தால் இந்த அலை ஓங்கும். கண்ணைத் திறந்தாலோ, மனக்கணக்குப் போட்டாலோ அடங்கிவிடும். படிக்கிற பிள்ளைக்கு ‘ஆல்பா’ என்று விற்பதில் உள்ள கோணலை இதிலேயே பார்க்கலாம். ஆல்பாதான் வேண்டுமென்றால் அவன் கண்ணை மூடினால் போதும், காசு கிடையாது.

தாள ஒலியை மூளை பின்தொடர்கிறது என்பது பொய் இல்லை. நொடிக்கு 40 தடவையோ 80 தடவையோ துடிக்கும் ஒலியைக் காதில் கொடுத்தால், அதே எண்ணிக்கையில் மூளையிலிருந்து ஒரு சின்ன மின்துடிப்பு பதிவாகும். வாய் திறந்து சொல்லத் தெரியாத கைக்குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று இதை வைத்துத்தான் சோதிக்கிறார்கள். ஆனால் சோதனை நடப்பது குழந்தை தூங்கும்போது. மூளை 80 துடிப்பை அச்சு மாறாமல் பின்தொடர்கிறது, பிள்ளை பாட்டுக்குத் தூங்குகிறது. பின்தொடர்வது ஒன்று, மனநிலை மாறுவது வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவதை விற்கிறார்கள்.

இந்த ஆப்கள் பெரும்பாலும் தருவது ‘பைனாரல் பீட்’. இடது காதில் 200 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 200 அதிர்வு), வலது காதில் 210 ஹெர்ட்ஸ். இரண்டும் மூளைத்தண்டில் சந்திக்கும் இடத்தில் நொடிக்கு 10 துடிப்பாக உணரப்படும். தம்புராவுக்குச் சுருதி சேர்க்கும்போது இரண்டு தந்தி சற்றே விலகி நின்றால் ‘வோவ் வோவ்’ என்று அலையுமே, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி இது. தம்புராவின் அலை காற்றிலேயே உண்டாகிறது, இது மண்டைக்குள். இதற்கு மூளை அலை இணங்குகிறதா என்று பார்த்த 14 ஆய்வுகளை 2023ல் ஒரு தொகுப்பாய்வு சேர்த்து நிறுத்தியது. 5 ஆய்வுகள் ஆம் என்றன, 8 இல்லை என்றன, ஒன்று இரண்டுங்கெட்டான்.

பதற்றம் குறைவதற்கு மட்டும் கொஞ்சம் ஆதாரம் இருக்கிறது. அறுவைக்குக் காத்திருந்தவர்களிடம் 2005ல் பிரிட்டனில் நடந்த சோதனையில், பீட் கலந்த இசை கேட்டவர்களின் பதற்ற அளவு 26 சதவீதம் குறைந்தது. பீட் இல்லாமல் அதே இசையைக் கேட்டவர்களுக்கு 11 சதவீதம். தேர்வுக்கு முந்தின ராத்திரி மகன் படபடப்பாக இருந்தால் இலவசமாகக் கிடைக்கும் ஒன்றை 20 நிமிடம் கேட்கட்டும். படிக்கும் நேரத்தில் வேண்டாம். அந்த 2,999 ரூபாயில் நல்ல மாதிரித் தேர்வுத் தொகுப்பு வாங்கிவிடலாம்.

கேள்வி: 600 ரூவா கட்டி ஒரு ஆடியோ வாங்கினேன். புளூடூத் ஸ்பீக்கர்ல போட்டேன், ஹெட்போன்லயும் போட்டேன். ஒரே ரீங்காரமா இருக்கே தவிர துடிப்பே கேக்கலை. ஏமாத்திட்டாவளா?
– வள்ளியூர்

பதில்: ஸ்பீக்கரில் போட்டது உங்கள் பிழை. பைனாரல் பீட்டுக்கு இரண்டு காதுக்கும் தனித்தனி ஒலி போக வேண்டும். ஒற்றை ஸ்பீக்கரில் இரண்டும் முன்பே கலந்துவிடும், அதில் துடிப்பு வந்தாலும் அது பைனாரல் இல்லை. ஹெட்போனில் இரண்டு ஒலியும் தனித்தனியாக வருகிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள்.

போனில் செட்டிங்ஸ், ஆக்சசிபிலிட்டி, அதற்குள் ‘மோனோ ஆடியோ’. அது ஆனாகி இருந்தால் இரண்டு காதுக்கும் ஒரே கலவைதான் போகும், ஆஃப் செய்யுங்கள். அதே பக்கத்தில் இடது-வலது சமநிலைக் கோடு நடுவில் நிற்கிறதா என்றும் பாருங்கள். ‘ஸ்பேஷியல்’, ‘சரவுண்ட்’ என்று ஒலியைக் கிளறும் வசதி எதுவானாலும் அணைத்துவிடுங்கள், அது இரு காது ஒலியையும் கலக்கும்.

பிறகு ஒற்றைக் காதுச் சோதனை. இரண்டு காதிலும் மாட்டினால் மண்டைக்குள் மெல்லிய துடிப்பு இருக்க வேண்டும். ஒரு பக்கத்தைக் கழற்றினால் துடிப்பு நின்று வெறும் ‘ம்ம்ம்’ மட்டும் வர வேண்டும். கழற்றிய பிறகும் துடிக்கிறது என்றால் அது பைனாரல் இல்லை. இரண்டையும் முன்பே கலந்தோ, ஒலியையே விட்டு விட்டு வெட்டியோ விற்றிருக்கிறார்கள். மாட்டினாலும் துடிப்பு இல்லை, கழற்றினாலும் இல்லை என்றால் பெரும்பாலும் இரண்டு பக்கமும் ஒரே ஒலிதான் இருக்கிறது, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். அடிப்படை ஒலி 1,000 ஹெர்ட்ஸுக்கு மேல் போனாலும், இரண்டுக்கும் வித்தியாசம் 30ஐத் தாண்டினாலும் துடிப்பு கரைந்துவிடும். கீச்சென்று கேட்கும் ஆடியோக்கள் பலவும் இப்படிப் பயனற்றுப் போனவைதான்.

இதை வீட்டிலேயே செய்யலாம். கணினியில் ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருளைத் திறந்து, ‘ஜெனரேட்’ பட்டியலில் ‘டோன்’ எடுங்கள். சைன் அலை, 200 ஹெர்ட்ஸ், ஆம்ப்ளிட்யூட் 0.2, நீளம் 20 நிமிடம். இன்னொரு மோனோ டிராக் சேர்த்து அதில் 210. முதல் டிராக்கின் பேன் கோட்டை முழுக்க இடதுபுறமும், இரண்டாவதை முழுக்க வலதுபுறமும் இழுத்துவிட்டு, ஸ்டீரியோவாகச் சேமியுங்கள். வேவ் கோப்பு என்றால் 200 எம்பிக்கு மேல் வரும். 192 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் 30 எம்பிக்குள் அடங்கும். அதைவிட இறக்கினால் சுருக்குகிற வேலையில் இரு பக்க ஒலியும் ஒன்றில் ஒன்று கசியக்கூடும். நொடிக்கு 10 துடிப்பை எண்ண முடியாது. சோதிப்பதற்கு மட்டும் 200, 201 என்று வைத்துக்கொண்டால் நொடிக்கு ஒன்று வரும், கடிகாரம் வைத்து எண்ணிவிடலாம்.

ஹெட்போனுக்கும் பெரிதாகச் செலவழிக்காதீர்கள். 200 ஹெர்ட்ஸ் ஒலியை நானூறு ரூபாய் ஒயர் இயர்போனே சுத்தமாகத் தரும். புளூடூத் வகைதான் வேண்டுமென்றால் பெட்டியில் ‘ஆர்’ என்று தொடங்கும் பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) பதிவெண் இருக்கிறதா பாருங்கள். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணைப் போட்டால் தயாரித்தவர் யார் என்று வரும். எண்ணும் பெயரும் ஒத்துவராவிட்டால் வாங்காதீர்கள்.

கேள்வி: எங்க ஊரு சுடலைமாடன் கோயில் கொடையில மகுட மேளம் உச்சத்துக்குப் போகும்போது சாமி வந்துரும். அதே மாதிரி ‘தீட்டா முழக்கம்’னு ஒரு பதிவை 1,499 ரூவாய்க்கு விக்காவ. கேட்டா தியான நிலைக்குப் போயிரலாமாம். நம்ம மகுடம் மாதிரிதானே, வேலை செய்யும்லா?
– களக்காடு பக்கம்

பதில்: இந்த வியாபாரத்துக்கு ஒரு பழைய ஆய்வு வேர். முரசொலி மூளை அலையை இழுத்துப் போகிறதா என்று 1961ல் ஆண்ட்ரூ நெஹர் என்பவர் சிலருக்கு நொடிக்கு 3, 4, 6, 8 அடி வீதம் முழக்கிப் பதிவு செய்தார். அடிக்கு ஏற்ப அலை வந்ததாகச் சொன்னார். கண் இமைப்பதும் தசை அசைவதும்கூட அப்படியே பதிவாகும், அதை அவர் சரியாகப் பிரிக்கவில்லை என்பது பின்னால் எழுந்த விமர்சனம். தீட்டா என்பது நொடிக்கு 4 முதல் 8. முழக்கத்தின் வேகமும் அதுவும் ஒத்துப்போவதால் ‘தீட்டா முழக்கம்’ என்று பெயர் ஒட்டிக்கொண்டது.

உங்கள் ஊர்க் கொடையையே நினைத்துப் பாருங்கள். உச்ச மகுடமும் மந்த மகுடமும் முழங்குவது கூட்டத்தில் நிற்கும் அத்தனை பேர் காதிலும்தான் விழுகிறது. ஆனால் சாமி வருவது சாமியாடுகிற கோமரத்தாடிக்கு. பக்கத்தில் நின்று சுக்குக் காப்பி குடிப்பவருக்கு வருவதில்லை. மணிக்கணக்காக மகுடம் அடிப்பவரும் பெரும்பாலும் நிதானமாகத்தான் இருக்கிறார். விரதம், நடுச்சாமம், தீப்பந்தத்தின் புகை, மாலை, கதைப்பாடகரான கணியான் பாடும் கதை தன் சாமியின் இடத்துக்கு வந்து சேர்வது, ஊரே எதிர்பார்த்து நிற்பது, இத்தனைக்கும் நடுவில்தான் அந்த அடி. அதில் அடியை மட்டும் கத்தரித்து 1,499க்கு வாங்கினால் கோழியைக் கொடுத்து இறகை வாங்கின கதை.

இன்னொன்று, செல்போன் ஸ்பீக்கரில் தாழ்ந்த ஒலிகள் ஏறக்குறைய காணாமலே போய்விடும். மகுடத்தின் ‘தும்’ போய் ‘டிக்’ மட்டும் வரும். முழக்கம் கேட்கத்தான் ஆசை என்றால் கொடைக்குப் போங்கள்.

கேள்வி: பிள்ளைக்கு ஏழு மாசம். சேலைத் தொட்டில்ல போட்டாலும் தூங்க மாட்டேங்குது. ‘வெள்ளை இரைச்சல்’ மிசின் 1,800 ரூவா. தொட்டில்லயே கட்டிவிடுத மாதிரி வருது. வாங்கலாமா?
– மேலப்பாளையம்

பதில்: தொட்டிலில் கட்டுகிற வகை வேண்டவே வேண்டாம். ஒயரோ நாடாவோ இருந்தால் கழுத்தில் சுற்றும் ஆபத்து ஒருபுறம், சத்தம் மறுபுறம். குழந்தைகளுக்கென்று விற்கப்பட்ட 14 மிசின்களை 2014ல் அளந்து பார்த்தார்கள். முழுச் சத்தத்தில் வைத்தபோது 30 சென்டிமீட்டர் தூரத்தில் மூன்று மிசின்கள் 85 டெசிபலைத் தாண்டின. தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் நிற்பவருக்கே அமெரிக்காவில் பரிந்துரைக்கப்படும் எல்லை அதுதான்.

இரைச்சல் உதவுகிறது என்று தோன்றினால் மேசை மின்விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பி ஓடவிடுங்கள். குழந்தையிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும். நீங்கள் பேசுகிற சத்தத்தை அது அமுக்கினால் அதிகம். தூங்கியதும் அணைத்துவிடுங்கள்.

ஆட்டும் வேகத்தையும் கவனியுங்கள். ஜெனீவாவில் 2011ல் பெரியவர்களை மெதுவாக ஆடும் கட்டிலில் படுக்க வைத்தபோது சீக்கிரம் தூங்கினார்கள், ஆட்டம் நான்கு நொடிக்கு ஒன்று. உத்திரத்திலிருந்து ஆறடி தொங்கும் சேலைத் தொட்டில் தானாக ஆடினால் ஒரு முறை போய்வர 2.7 நொடி ஆகும். அதன் போக்கிலேயே விடுங்கள். பிள்ளை சிணுங்கியதும் பதறி இழுத்து இழுத்து ஆட்டுவதில்தான் தூக்கம் கலையும்.

கேள்வி: 528 ஹெர்ட்ஸ் கேட்டா உடம்பு செல்லெல்லாம் புதுசாகுமாமே?
– சேரன்மகாதேவி

பதில்: ஆகாது. 528 என்பது ஹார்மோனியத்தில் மேல் ‘சி’ கட்டைக்குச் சற்றே மேலே இருக்கும் ஒரு சுரம், அவ்வளவுதான்.

கேள்வி: அப்பாவுக்கு மறதி ரொம்ப ஆயிட்டு. 40 ஹெர்ட்ஸ் சத்தமும் வெளிச்சமும் தர்ற கண்ணாடி 18,000 ரூவாய்க்கு வருது. சின்ன வயசுல அவுகளுக்கு வலிப்பும் வந்திருக்கு.
– அம்பாசமுத்திரம்

பதில்: வலிப்பு வந்தவருக்கு மினுக்கும் ஒளி கூடாது. வெளிச்சத்தால் வலிப்பு தூண்டப்படும் சிலருக்கு நொடிக்கு 15, 20 மினுக்கல்தான் ரொம்ப மோசம், ஆனால் 40ம் பாதுகாப்பான எண் இல்லை. ஜப்பானில் 1997 டிசம்பரில் ஒரு கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் நொடிக்கு சுமார் 12 முறை மாறி மினுக்கி, அறுநூற்றுச் சொச்சம் பேர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

40 ஹெர்ட்ஸ் விஷயம் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் எலிகளிடம் தொடங்கியது, 2016ல் ஒளி, 2019ல் ஒலி. மனிதர்களிடம் சோதனை நடக்கிறது. கடையில் வாங்கிப் போடும் மருத்துவமாக அது இன்னும் ஆகவில்லை. அந்த 18,000த்தைத் தொடாமல் அப்பாவைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். தைராய்டு, பி12, காது கேட்கும் திறன் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் குறை இருந்து வரும் மறதி சரியாகக்கூடியது. காது மந்தமானவரை ‘மறதிக்காரர்’ என்று முடிவு கட்டிவிடுவது நம் வீடுகளில் நிறைய நடக்கிறது.

கேள்வி: ‘7 நாள் இலவசம்’னு ஒரு தூக்க ஆப் போட்டேன். பிடிக்கலைன்னு அழிச்சுட்டேன். அப்பவும் மாசாமாசம் 299 ரூவா போவுது.
– பேட்டை

பதில்: ஆப்பை அழித்தால் சந்தா நிற்காது. பிளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்டு சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ போய் ரத்து செய்யுங்கள். அங்கே அந்த ஆப் இல்லை என்றால் நேராக யுபிஐயில் வாங்கியிருக்கிறார்கள். பணம் அனுப்பும் செயலியில் ‘ஆட்டோபே’ பகுதியைத் திறந்து அந்த அனுமதியை நீக்குங்கள். ஒவ்வொரு முறை எடுப்பதற்கும் 24 மணி நேரம் முன்பு உங்களுக்குத் தகவல் வந்திருக்க வேண்டும், பழைய குறுஞ்செய்திகளைத் தேடிப் பாருங்கள். பிளே ஸ்டோரில் வாங்கியதைத் திருப்பிக் கேட்க வசதியான காலம் முதல் 48 மணி நேரம். அது தாண்டினால் ஆப் நடத்துபவருக்கு எழுத வேண்டும்.

பதில் வராவிட்டால் 1915ல் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ‘மூன்றே நாளில் தூக்கமின்மை குணம்’ என்பது மாதிரி விளம்பரம் வந்திருந்தால் அதை இப்போதே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். புகார் போன மறுநாள் அந்த வரி அங்கே இருக்காது.