சிறு கைவினைத் தொழிலுக்குக் குறைந்த விலையில் எந்த வினைல் கட்டரை வாங்கலாம்?

வினைல் என்ற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் பெயரை இயந்திரத்தால் வெட்டி, குவளைகளிலும் பனியன்களிலும் ஒட்டித் தரும் தொழிலுக்கு 12 அங்குல மேசை இயந்திரம் போதுமா, 24 அங்குல ரோல் கட்டர் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைப் பலகை, வாகன எழுத்து போன்ற வேலைகளை எடுக்கப் போவதில்லை என்றால் 12 அங்குலமே தாராளம்.

அகலத்தைவிட மென்பொருளைத்தான் முதலில் பார்க்கச் சொல்வேன். கிரிகட் இயந்திரம் வாங்கினால் அந்நிறுவனத்தின் டிசைன் ஸ்பேஸ் செயலியில் கணக்குத் தொடங்கியே வேலை செய்ய வேண்டியிருக்கும். சிலவெட் (Silhouette) நிறுவனத்தின் கேமியோ இயந்திரத்துக்கான ஸ்டூடியோ மென்பொருள் இணையம் இல்லாமலும் இயங்கும் என்றாலும், அதன் இலவசப் பதிப்பில் எஸ்விஜி (SVG) என்ற வரைபடக் கோப்பு திறக்காது என்பதால், இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைமென்பொருளில் வரைந்ததை டிஎக்ஸ்எஃப் (DXF) என்ற வேறு வகைக் கோப்பாகச் சேமித்துக் கொண்டுவர வேண்டும். பெயர் தெரியாத மலிவு ரோல் கட்டர் என்றால், உங்கள் கணினியில் அதை இணைத்து ஓட்டிக் காட்டாத விற்பனையாளரிடம் தயவுசெய்து பணம் கொடுக்காதீர்கள். அச்சிட்ட ஸ்டிக்கரின் ஓரத்தைச் சுற்றி வெட்ட வேண்டுமானால், பதிவுக் குறிகளை (படம் எங்கே இருக்கிறது என்று இயந்திரத்துக்குக் காட்ட அச்சிடும் அடையாளங்கள்) படிக்கும் ஒளி உணரி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

கடையிலேயே ஒரு சிறு சதுரத்தை வெட்டச் சொல்லி நகத்தால் உரித்துப் பாருங்கள்: வினைல் சுத்தமாக எழும்பி, அடித்தாளில் மெல்லிய கீறல் மட்டும் தெரிந்தால் கத்தியின் அழுத்தம் சரி; தாளும் அறுந்தால் அழுத்தம் அதிகம்; மூலைகள் கூராக வராமல் உருண்டால் கத்தி மழுங்கியிருக்கலாம், அல்லது மென்பொருளில் கத்தி விலகல் அளவு (சுழலும் மையத்திலிருந்து கத்தி முனை தள்ளியிருக்கும் தூரம்) தவறாக இருக்கலாம். சாதாரண வினைலுக்கு 45 பாகைக் கத்தி போதும். மாற்றுக் கத்திகளுக்கும் வெட்டிய எழுத்தை அடித்தாளிலிருந்து எடுத்துப் பொருளில் ஒட்ட உதவும் இடமாற்று டேப்புக்கும் தனியாகப் பணம் ஒதுக்கிய பிறகே இயந்திரத்தின் விலையை முடிவு செய்யுங்கள்.